அட்டையில் மோட்டார் ராட்டினம்: அளவெடுப்பது முதல் ஒயர் இணைப்பது வரை

அட்டையில் செய்த மோட்டார் மாதிரி ஓடாமல் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் குற்றம் அங்கே இருக்காது. அச்சுத் துளை மையத்தை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். அச்சு அட்டையில் உரசிக்கொண்டிருக்கும். இரண்டு கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் பெல்ட் கோணலாக ஓடும். மின்சுற்று என்று பார்த்தால் இதில் இருப்பது நான்கே இணைப்புகள். பத்து நிமிட வேலை. மீதி நேரம் முழுவதும் உராய்வோடுதான் போராட்டம். அதனால் இந்த வழிகாட்டியில் ஒயர் கடைசியில்தான் வரும். சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினால் அது தானாகப் பல சுற்றுகள் ஓடி நிற்க வேண்டும். அந்த நிலை வரும்வரை மோட்டாரைத் தொட வேண்டாம்.

செய்யப்போவது 30 செ.மீ. விட்டமுள்ள ராட்டினம். எட்டுப் பெட்டிகள் தொங்கும், நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 18 சுற்று சுற்றும், இரண்டு ஏஏ செல்களில் ஓடும். பசை காயும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டு நாள் வேலை.

தேவையான பொருட்கள்

- 3 மி.மீ. தடிமனுள்ள நெளி அட்டை (சாதாரண அட்டைப்பெட்டியின் அட்டை). மடிப்பு, ஈரம், நசுங்கல் இல்லாத பெரிய பெட்டி இரண்டு
- 3 அல்லது 4 மி.மீ. உருண்டை மூங்கில் குச்சி: அச்சுகளுக்கு நேரானவை இரண்டு, குறுக்குக் குச்சிகளுக்குச் சில
- அந்தக் குச்சி உள்ளே நழுவும் அளவிலான பிளாஸ்டிக் ஸ்ட்ரா இரண்டு
- 130 ரகச் சிறிய டி.சி. மோட்டார் ஒன்று (பொம்மைக் கார்களில் வரும், 2 மி.மீ. தண்டுள்ளது)
- இரண்டு ஏஏ செல் போடும் பேட்டரிப் பெட்டி, ஒயரோடு
- ஏஏ அல்கலைன் செல் இரண்டு
- சிறிய ஸ்லைடு சுவிட்ச் ஒன்று
- பல இழை கொண்ட மெல்லிய ஒயர், சிவப்பும் கறுப்பும் 30 செ.மீ. வீதம்
- தட்டையாக வைத்தால் 15 செ.மீ. நீளம் வரும் ரப்பர் பேண்ட் ஒன்று
- 1 மி.மீ. உருண்டை எலாஸ்டிக் கயிறு, 1 மீட்டர்
- சைக்கிள் வால்வு டியூப் 1 செ.மீ., பழைய பலூன் ஒன்று
- வெள்ளைப் பசை, க்ளூ கன், காகித டேப், இன்சுலேஷன் டேப்
- கட்டர், இரும்பு ஸ்கேல், கவராயம், மூலைமட்டம், ஊசி

மோட்டார் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். 3 வோல்ட்டில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். 12 வோல்ட் மோட்டாரை இரண்டு செல்லில் இணைத்தால் அது அசைந்தாலே பெரிது.

9 வோல்ட் சதுர பேட்டரியைத் தவிர்த்துவிடுங்கள். வோல்ட் அதிகம் என்பதால் பலமும் அதிகம் என்று தோன்றும், ஆனால் அதன் உள்தடை அதிகம், கொள்ளளவு குறைவு. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் நெடுநேரம் கொடுக்க முடியாது. தொடக்கத்தில் மோட்டாரைத் தேவைக்கு மேல் விரட்டும், சற்று நேரத்தில் தளர்ந்துவிடும். வீட்டு மின் பிளக்கில் இருந்து எந்த வகையிலும் இந்த மாதிரிக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல்லும் வேண்டாம். ஒயர் தவறி ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும்.

வேகத்தை எப்படிக் குறைப்பது

இந்தச் சிறிய மோட்டார் 3 வோல்ட்டில் சுமை இழுக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6000 சுற்று சுற்றும். ரகத்துக்கு ரகம் இது மாறும், கணக்குக்கு இந்த எண்ணை வைத்துக்கொள்வோம். நமக்குத் தேவை 18 சுற்று. தண்டை நேராகச் சக்கரத்தில் செருகினால் ஒன்று சக்கரம் பிய்த்துக்கொண்டு பறக்கும், இல்லையென்றால் மோட்டார் அசையவே அசையாது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். மோட்டாரிடம் வேகம் நிறைய, திருப்புவிசை மிகக் குறைவு. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குவதுதான் கப்பியின் வேலை.

இரண்டு படியாகக் குறைக்கிறோம். மோட்டார் தண்டில் 4 மி.மீ. உருளை (சைக்கிள் வால்வு டியூப்தான் அது), அதிலிருந்து ரப்பர் பேண்ட் வழியாக, மோட்டாருக்கும் ராட்டினத்துக்கும் இடையே வரும் இடை அச்சில் உள்ள 10 செ.மீ. கப்பி. அதே இடை அச்சில் 1 செ.மீ. கப்பி, அதிலிருந்து எலாஸ்டிக் வழியாக ராட்டினத்தில் ஒட்டிய 20 செ.மீ. கப்பி.

மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் முதல் படி 25 மடங்கு, இரண்டாம் படி 20 மடங்கு, மொத்தம் 500 மடங்கு, ஆக நிமிடத்துக்கு 12 சுற்று என்று வரும். ஓட்டிப் பார்த்தால் அதைவிட வேகமாகச் சுற்றும். காரணம், பெல்ட்டின் தடிமனும் கப்பியின் விட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. 1.5 மி.மீ. தடிமன் ரப்பர் பேண்ட் போட்டால் 4 மி.மீ. உருளை 5.5 மி.மீ. உருளையாக வேலை செய்யும். பெரிய கப்பியில் இந்த 1.5 மி.மீ. ஒன்றுமே இல்லை, சின்ன உருளையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சரியான கணக்கு இது: 101.5 ÷ 5.5 = 18.5. இரண்டாம் படியில் 201 ÷ 11 = 18.3. இரண்டையும் பெருக்கினால் சுமார் 338. 6000-ஐ இதால் வகுத்தால் 18 சுற்று. பெல்ட் கொஞ்சம் வழுக்குவதால் நடைமுறையில் 15-க்கும் 18-க்கும் இடையில் நிற்கும்.

பெரிய ராட்டினங்களிலும் இதே வழி உண்டு. 135 மீட்டர் உயரமுள்ள லண்டன் ஐ ராட்டினத்தை நடு அச்சில் பிடித்துத் திருப்புவதில்லை. விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் டயர்கள்தான் அதைச் சுழற்றுகின்றன. மையத்திலிருந்து தள்ளிப் பிடிக்கப் பிடிக்கத் தேவைப்படும் விசை குறைகிறது. அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 26 செ.மீ. நகரும். 30 செ.மீ. அட்டை ராட்டினம் 18 சுற்றில் ஓடும்போதும் விளிம்பு வேகம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அட்டையின் நெளிவுத் திசை

நெளி அட்டையில் வெளித்தாள் இரண்டுக்கும் நடுவே வரிவரியாக ஒரு நெளிந்த தாள் இருக்கும். அந்த வரிகள் ஓடும் திசையில் அட்டை விறைப்பாக நிற்கும்; வரிக்கு இணையாக மடித்தால் சட்டென்று மடங்கிவிடும். நிற்க வேண்டிய பலகைகளில் வரிகள் மேலிருந்து கீழாக இருக்கட்டும். இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்டும் இடத்தில் ஒன்றின் வரிக்குக் குறுக்கே மற்றதன் வரி வர வேண்டும்.

வெள்ளைப் பசையில் நீர் உண்டு. தடிமனாகப் பூசினால் அட்டை காயும்போது வளையும். பழைய அட்டைத் துண்டு ஒன்றால் மெல்லியதாக வழித்துப் பூசி, கனமான புத்தகங்களின் அடியில் இரவு முழுக்க வையுங்கள். அவசரத்துக்குக் க்ளூ கன்னைப் பெரிய பரப்பில் பயன்படுத்தினால் பசை திட்டுத் திட்டாக உறைந்து அட்டை மேடுபள்ளமாகும். க்ளூ கன் மூலைகளுக்கும் முட்டுகளுக்கும் மட்டும். சூடான பசை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். சிறுவர்கள் செய்யும்போது க்ளூ கன்னும் கட்டரும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

வெட்ட வேண்டியவை

அடிப்பலகை 34 × 24 செ.மீ., இரண்டு அடுக்கு. தாங்கு பலகைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 26 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம், இரண்டு அடுக்கு. பின்புறச் சிறு பலகை 7 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், இதுவும் இரண்டு அடுக்கு. முட்டுக் கொடுக்க 5 செ.மீ. பக்கமுள்ள செங்கோண முக்கோணங்கள் பத்து.

வட்டங்கள்: 30 செ.மீ. விட்டத்தில் இரண்டு, 21-ல் ஒன்று, 20-ல் ஒன்று, 11-ல் இரண்டு, 10-ல் ஒன்று.

பள்ளிக் கவராயம் 15 செ.மீ. ஆரத்துக்கு எட்டாது. 18 செ.மீ. நீளமுள்ள அட்டைப் பட்டை ஒன்றில் சரியாக 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டு, ஒன்றில் ஊசியும் மற்றதில் பென்சில் முனையும் வைத்துச் சுற்றினால் போதும். ஊசி குத்திய இடம்தான் மையம். வட்டம் வெட்டி முடிந்த பிறகு ஸ்கேலால் மையத்தைத் தேடாதீர்கள். ஊசித் துளையைப் பேனாவால் வட்டமிட்டு அடையாளம் செய்துவிடுங்கள்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் அட்டையைத் துளைக்கப் பார்த்தால் நெளிவு நசுங்கி விளிம்பு பிசிறும். முதல் சுற்றில் மேல்தாள் மட்டும், இரண்டாவதில் நெளிவு, மூன்றாவதில் அடித்தாள். கட்டர் முனை மழுங்கினால் உடனே ஒரு கண்ணி உடைத்துவிடுங்கள். மழுங்கிய கட்டர்தான் வழுக்கி விரலுக்கு வரும்.

துளை

மாதிரியின் தலைவிதி இங்கே முடிவாகிறது.

கத்தரி முனையைக் குத்தித் திருகினால் துளை நீள்வட்டமாகும். ஊசித் துளையை முதலில் குண்டூசியால், பிறகு பல்குத்தும் குச்சியால், கடைசியில் மூங்கில் குச்சியின் கூர் முனையால் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதி பாதி. குச்சி இறுக்கமாக உள்ளே போக வேண்டும், தானாக நழுவக் கூடாது.

30 செ.மீ. வட்டங்கள் இரண்டையும் மையத்தில் ஒரு குச்சி செருகி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மையத்திலிருந்து 13.5 செ.மீ. தூரத்தில், 45 பாகைக்கு ஒன்றாக எட்டுப் புள்ளிகள் குறித்து, இரண்டு வட்டங்களையும் சேர்த்தே துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் குறுக்குக் குச்சிகள் கோணலாகிப் பெட்டிகள் ஒரு பக்கம் சாயும். வட்டங்களைப் பிரிப்பதற்கு முன் இரண்டிலும் ஒரே இடத்தில் பென்சில் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சேர்க்கும்போது அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக வர வேண்டும்.

தாங்கு பலகைகளையும் அப்படியே சேர்த்து வைத்து, அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்தில், அகலத்தின் நட்டநடுவில் துளையிடுங்கள். இரண்டில் பின்னால் நிற்கப்போகும் பலகையில் (பின்பலகை) மட்டும் இன்னொரு துளை வேண்டும்: அடியிலிருந்து 6.5 செ.மீ. உயரம், நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் 10.5 செ.மீ. இது இடை அச்சுக்கு. பின்புறச் சிறு பலகையிலும் நடுக்கோட்டில் 6.5 செ.மீ. உயரத்தில் ஒரு துளை.

இடை அச்சை ராட்டினத்துக்கு நேர் கீழே வைத்தால் என்ன என்று தோன்றலாம். அந்த உயரத்தில் கப்பிகள் மிக நெருங்கிவிடும். பெல்ட் சின்னக் கப்பியைக் கால் வட்டம் அளவுக்குத்தான் தழுவும், வழுக்கும். பக்கவாட்டில் தள்ளி வைத்தால் தூரம் 17 செ.மீ. ஆகி, தழுவும் கோணம் 110 பாகையைத் தாண்டுகிறது. பிடிப்பு வந்துவிடும்.

கப்பிகள்

10 செ.மீ. கப்பிக்கு 11-10-11 என்று மூன்று வட்டங்கள். நடுவட்டம் சிறியதாக இருப்பதால் 5 மி.மீ. ஆழப் பள்ளம் கிடைக்கும். ஒட்டும்போது மையத்தில் குச்சியைச் செருகி வைத்தே ஒட்டுங்கள், பசை காயும்வரை எடுக்க வேண்டாம். ஒட்டுவதற்கு முன்பே நடுவட்டத்தின் ஓரத்தைச் சுற்றி 3 மி.மீ. அகலக் காகித டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். வெட்டிய ஓரத்தில் நெளிவுகள் பல்லைப் போலத் திறந்திருக்கும். டேப் இல்லாவிட்டால் பெல்ட் அதில் புதைந்து தடுக்கித் தடுக்கி ஓடும்.

20 செ.மீ. கப்பிக்கு ராட்டினத்தின் பின் வட்டமே ஒரு பக்க விளிம்பாகிவிடும். பின் வட்டத்தின் வெளிப்பக்கத்தில் 20 செ.மீ. வட்டம், அதன்மேல் 21 செ.மீ. வட்டம், எல்லாம் குச்சியில் கோத்தபடியே ஒட்டுங்கள்.

1 செ.மீ. கப்பியை அட்டையில் வெட்டினால் பிய்ந்துபோகும். 4 மி.மீ. அகலக் காகிதப் பட்டையைப் பசை தடவி இடை அச்சின் ஒரு முனையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். விட்டம் 10 மி.மீ. வந்ததும் நிறுத்தி, இருபுறமும் தடித்த தாளில் 2 செ.மீ. வட்டம் ஒன்று வீதம் ஒட்டுங்கள். உருளையின் மேல் பலூன் கழுத்திலிருந்து வெட்டிய மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிட்டால் எலாஸ்டிக் வழுக்காது.

ராட்டினம்

முன் வட்டத்தில் 3 செ.மீ. விளிம்பும், 8 செ.மீ. நடுவட்டமும், 2.5 செ.மீ. அகலத்தில் எட்டு ஆரக்கால்களும் விட்டு மீதியை வெட்டி எடுத்தால் பெட்டிகள் தெரியும், எடையும் குறையும். ஆரக்கால்கள் குறுக்குக் குச்சித் துளைகளுக்கு நேரே வரட்டும். பின் வட்டத்தை வெட்ட வேண்டாம். கப்பிக்கு அதுதான் முதுகெலும்பு.

6.5 செ.மீ. நீளத்தில் எட்டுக் குறுக்குக் குச்சிகள். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே சரியாக 5 செ.மீ. இடைவெளி வேண்டும்; 5 செ.மீ. அகல அட்டைத் துண்டுகளை அங்கங்கே இடையில் நிறுத்திக்கொண்டால் அளவு பிசகாது. இரண்டு முனைகளையும் ஒட்டுவதற்கு முன்பே பெட்டிகளைக் கோத்துவிடுங்கள், பிறகு நுழைக்க வழியில்லை.

பெட்டி 3.8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். மெல்லிய தாள் அட்டையில் மடித்தாலே போதும். தொங்கும் துளை பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து 4 மி.மீ. கீழே, சரியான நடுவில் இருக்கட்டும். துளை குச்சியைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருந்தால்தான் பெட்டி தானாக நேராக நிற்கும். அடிப்புறத்தில் சின்னக் களிமண் உருண்டை வைத்தால் இன்னும் ஒழுங்காகத் தொங்கும். எட்டிலும் ஒரே எடை.

அச்சுக்கு 14 செ.மீ. குச்சி. மேசையில் உருட்டிப் பாருங்கள்: தடதடவென்று குதித்தால் குச்சி வளைவு, வேறொன்று எடுங்கள். ராட்டினம் அச்சோடு சேர்ந்து சுற்ற வேண்டும், எனவே இரண்டு வட்டங்களிலும் அச்சைப் பசையால் உறுதியாக்குங்கள். பசை உறையும்முன் அச்சை இரு கைகளிலும் பிடித்துச் சுழற்றி, விளிம்பு இடவலமாக ஆடுகிறதா என்று பார்த்து நேராக்குங்கள். 2 மி.மீ. ஆட்டம் தாங்கும். 5 மி.மீ. ஆடினால் பெல்ட் கழன்றுவிடும்.

நிறுத்துதல்

தாங்கு பலகைத் துளைகளைப் பெரிதாக்கி, அவற்றில் 1.5 செ.மீ. நீள ஸ்ட்ராத் துண்டுகளைச் செருகுங்கள். அட்டையில் நேரடியாக அச்சு சுற்றினால் முதலில் உரசும், பிறகு துளை தேய்ந்து பெரிதாகும். ஸ்ட்ராவுக்குள் குச்சி எளிதாகச் சுற்ற வேண்டும், ஆனால் அரை மி.மீ.-க்கு மேல் ஆடக் கூடாது. ஸ்ட்ரா பெரிதாக இருந்தால் நீளவாக்கில் கீறி, ஓரத்தை மேலே ஏற்றிச் சுருட்டி டேப் போட்டால் அளவுக்கு வந்துவிடும். ஸ்ட்ராவை ஒட்டும்போது அச்சு அதனுள் இருக்கட்டும். சூடான பசை மெல்லிய ஸ்ட்ராவை உருக்கும், இந்த இடத்தில் வெள்ளைப் பசையே நல்லது.

முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே 9 செ.மீ. இடைவெளி விட்டு அடிப்பலகையில் நிறுத்துங்கள். ராட்டினத்தின் மொத்தத் தடிமன் சுமார் 6.2 செ.மீ. அது நகராமலிருக்க, அச்சில் தளர்வான ஸ்ட்ராத் துண்டுகளைக் கோக்க வேண்டும். ஸ்ட்ராவின் முனை பலகைக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பலகை மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். கோக்கும் துண்டு பின்பக்கம் 12 மி.மீ., முன்பக்கம் 14 மி.மீ. இதனால் 2 மி.மீ. பக்கவாட்டு இடைவெளி மிஞ்சும். இடைவெளியே இல்லாமல் அடைத்தால் சக்கரம் இறுகும்.

மூலைமட்டம் வைத்துச் செங்குத்து சரிபார்த்து முக்கோண முட்டுகளை ஒட்டுங்கள். இப்போதுதான் அந்தச் சோதனை. ராட்டினத்தை லேசாகத் தட்டிவிடுங்கள். ஐந்து சுற்றுக்காவது தானாக ஓட வேண்டும். ஓடாமல் எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் எடை அதிகம்; நேர் எதிரே விளிம்பில் களிமண் கொஞ்சம் ஒட்டிச் சமன் செய்யுங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை இதைச் செய்வது வீண் வேலை ஆகாது. சமனில்லாத சக்கரத்தை மேலே தூக்கும்போது மோட்டார் திணறும், கீழே வரும்போது வேகமெடுக்கும்.

இடை அச்சு 9.5 செ.மீ. நீளம். சின்னக் கப்பி பின்பலகைக்கு உள்ளே, ராட்டினத்தின் பக்கம், 10 செ.மீ. கப்பி பின்பலகைக்கும் சிறு பலகைக்கும் நடுவே. இரண்டு பலகைகளுக்கும் இடையில் 5 செ.மீ. விடுங்கள். சின்னக் கப்பியின் பள்ளம் பலகையின் உள்முகத்திலிருந்து 16 அல்லது 17 மி.மீ. தூரத்தில் வர வேண்டும், அப்போதுதான் பெரிய கப்பியின் பள்ளத்துக்கு நேராக இருக்கும். அச்சின் முனை கப்பியைத் தாண்டி நீண்டால் பெட்டிகள் அதில் இடிக்கும், ஒட்ட வெட்டிவிடுங்கள்.

எலாஸ்டிக் பெல்ட்டுக்கு முதலில் நூலால் அளவெடுங்கள். சுமார் 72 செ.மீ. வரும். எலாஸ்டிக்கை 69 செ.மீ. வெட்டி, முனைகளை ஒரு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து நூலால் தைத்துவிடுங்கள். முடிச்சுப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சின்னக் கப்பியில் அது துள்ளும். இழுவை லேசாக இருந்தாலே போதும். இறுக்கமான பெல்ட் அச்சை ஸ்ட்ராவின் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மோட்டாரின் பலம் அந்த உராய்விலேயே கரைந்துவிடும்.

10 செ.மீ. கப்பியை விரலால் சுற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 18 முறை சுற்றினால் ராட்டினம் ஒரு சுற்று வர வேண்டும்.

மோட்டார்

4 × 5 செ.மீ. அட்டைத் துண்டுகள் சுமார் 19 அடுக்கி ஒட்டினால் 5.7 செ.மீ. உயர மேடை கிடைக்கும். மோட்டாரைத் தட்டையான பக்கமாக அதன்மேல் கிடத்தினால் தண்டு 6.5 செ.மீ. உயரத்தில், இடை அச்சின் மட்டத்தில் நிற்கும். இடை அச்சிலிருந்து இடப்பக்கம் 8 செ.மீ. தூரம்.

தண்டில் வால்வு டியூப்பை 8 மி.மீ. நீளத்துக்கு மாட்டுங்கள். தளர்வாக இருந்தால் தண்டில் முதலில் காகித டேப் ஒரு சுற்று. டியூப் மோட்டாரின் உடலைத் தொடக் கூடாது. மேடையை இருபக்க டேப்பால் அடிப்பலகையில் தற்காலிகமாக ஒட்டி, ரப்பர் பேண்டை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள். பேண்ட் ஒரு பக்கமாக ஊர்ந்து வெளியேறினால் தண்டு இடை அச்சுக்கு இணையாக இல்லை. மேடையை ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. திருப்பினாலே சரியாகும். சரியானதும் நிலையாக ஒட்டலாம். மோட்டாரின் பின்புறக் காற்றுத் துளைகளிலும் தண்டின் அருகிலும் பசை போகக் கூடாது.

மின்சுற்று

பேட்டரிப் பெட்டியின் சிவப்பு ஒயர் சுவிட்சின் ஒரு காலுக்கு. சுவிட்சின் அடுத்த காலிலிருந்து மோட்டாரின் ஒரு முனைக்கு. மோட்டாரின் மறு முனையிலிருந்து பேட்டரிப் பெட்டியின் கறுப்பு ஒயருக்கு. முடிந்தது. ஸ்லைடு சுவிட்சில் மூன்று கால்கள் இருந்தால் நடுக்காலையும் ஓரத்துக் கால்களில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரக் கால்களை இணைத்தால் எந்த நிலையிலும் ஓடாது.

செல்களை இப்போது போடாதீர்கள். ஒயர் முனையில் ஒரு செ.மீ. உறையை நீக்கி, இழைகளை முறுக்கி, மோட்டார் முனையின் துளையில் நுழைத்து வளைத்துச் சுற்றுங்கள். அந்தப் பித்தளைத் தகடுகள் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைந்தால் ஒடிந்துவிடும், மோட்டாரே வீண். ஒயர் இழுபடாமலிருக்க மோட்டாருக்குப் பக்கத்திலேயே மேடையில் ஒரு டேப் போட்டுப் பிடித்துவைத்தால் நிம்மதி. சால்டரிங் தெரிந்தால் நல்லது. இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் சூடு காட்டினால் பின்மூடியின் பிளாஸ்டிக் உருகும். சால்டரிங் இல்லாமல் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினாலும் இந்த மாதிரிக்குப் போதும். ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும்.

செல்களைப் போட்டு, சுவிட்சைப் போடுவதற்கு முன் பத்து விநாடி பொறுங்கள். ஒயரோ செல்லோ சூடானால் எங்கோ சிவப்பும் கறுப்பும் நேரடியாகத் தொடுகின்றன. உடனே செல்லைக் கழற்றுங்கள். ரீசார்ஜ் செல்கள் போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவை 1.2 வோல்ட்தான் என்றாலும் நேரடியாகத் தொட்டால் மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கொட்டும்.

முதல் ஓட்டம், அதில் வரும் கோளாறுகள்

முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அது ஓடினால் மின்சுற்று சரி. இனி வரும் எந்தக் கோளாறும் அட்டையினுடையது. பிறகு பேண்டை மாட்டி ஓட்டுங்கள்.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். சுற்றும் மோட்டார் தன்னுள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. நின்றுபோன மோட்டாரில் அந்தத் தடுப்பு இல்லை. ஓடும்போது 0.2 முதல் 0.4 ஆம்பியர் இழுப்பது, இறுகி நின்றால் ஓர் ஆம்பியரைத் தாண்டிவிடும். சுருள் சூடாகிக் கருகும். பெரும்பாலும் பேண்ட் அதிக இறுக்கமாக இருக்கும், அல்லது இடை அச்சில் எங்கோ பசை சொட்டியிருக்கும்.

மோட்டார் தண்டு சுற்றுகிறது, 10 செ.மீ. கப்பி நிற்கிறது என்றால் பேண்ட் வழுக்குகிறது. வால்வு டியூப்பில் பசையோ எண்ணெயோ பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தும் வழுக்கினால் மேடையை 5 மி.மீ. தள்ளி இழுவையைக் கூட்டலாம். இடை அச்சு சுற்றி ராட்டினம் நின்றால் பலூன் வளையம் கழன்றிருக்கும், அல்லது கப்பி அச்சில் ஒட்டாமல் வெறுமனே சுழலும். பேனாவால் அச்சிலும் கப்பியிலும் ஒரே கோடு போட்டு ஓட்டினால் எது நழுவுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு சுற்றில் பாதி வேகமாகவும் பாதி மெதுவாகவும் போனால் எடைச் சமன் பிசகியிருக்கிறது. சமன் சரியாக இருந்தும் அப்படி ஓடினால் பெரிய கப்பியின் துளை மையத்தில் இல்லை. ஒரு பக்கம் பெல்ட் இறுகும், மறுபக்கம் தளரும். இதைக் களிமண்ணால் சரிசெய்ய முடியாது, அந்த வட்டத்தை மறுபடி வெட்டுவதுதான் வழி.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்லத் தளர்ந்தால், மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து மோட்டார் ஓடும்போதே அதன் முனைகளில் அளந்து பாருங்கள். 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் செல் நன்றாகவே இருக்கிறது, உராய்வு கூடியிருக்கிறது. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் செல்லோ இணைப்போ பலவீனம், அல்லது மோட்டார் இறுகி அதிகம் இழுக்கிறது. மின்னோட்டத்தை அளக்க 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிய கம்பியை, வேலை முடிந்ததும் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரி முனைகளில் வைத்தால் மீட்டர் வழியாகவே ஷார்ட் ஆகும்.

எதிர்த் திசையில் சுற்றினால் மோட்டாரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் போதும்.

வேகம் அதிகமாகத் தோன்றினால் ரெசிஸ்டர் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது நல்ல யோசனை இல்லை. சுமை கூடும்போது மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும், அந்த நேரத்தில்தான் ரெசிஸ்டர் அதிக வோல்ட்டை விழுங்கும்; பலம் தேவைப்படும் இடத்தில் மோட்டார் நின்றுவிடும். ஒரே செல் போடும் பெட்டிக்கு மாறினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இல்லையென்றால் 10 செ.மீ. கப்பிக்குப் பதில் 12 செ.மீ. கப்பி செய்து, இடை அச்சையும் மோட்டார் மேடையையும் ஒரு செ.மீ. உயர்த்திக்கொள்ளலாம்.

விளக்குச் சேர்க்க

சிவப்பு எல்.இ.டி. ஒன்றும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வரிசையாக இணைத்து, அந்த ஜோடியை மோட்டாருக்கு இணையாகச் சேர்க்கலாம். சிவப்பு எல்.இ.டி. தனக்குச் சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 1 வோல்ட் 100 ஓமில் விழுந்தால் 10 மில்லி ஆம்பியர், கண்ணுக்கு இதமான வெளிச்சம். நீளக் கால் நேர்முனைக்கு. வெள்ளை, நீல எல்.இ.டி.கள் ஏறக்குறைய 3 வோல்ட் கேட்பவை. மோட்டார் ஓடும்போது வோல்ட் இறங்குவதால் அவை மங்கும் அல்லது எரியவே எரியாது. விளக்கை நிற்கும் பலகையில் வையுங்கள். சுற்றும் சக்கரத்தில் வைத்தால் ஒயர் அச்சில் முறுக்கிக்கொள்ளும்.

சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்களை வெளியே எடுத்து, இரண்டு பெல்ட்டுகளையும் கழற்றி வையுங்கள். இழுத்தபடியே விட்ட ரப்பர் நீண்டு தளரும், ஒரே பக்கமாக இழுபட்ட அட்டைப் பலகையும் அந்தத் திசையில் சாய்ந்து நின்றுவிடும்.